பழைய ஈமெயில் திறக்கவில்லையா? உடனே கடவுச்சொல்லில் கை வைக்காதீர்கள்

கொழும்பில் நாற்பதைத் தாண்டிய பலரிடம் இன்னும் ஒரு பழைய ஈமெயில் முகவரி இருக்கிறது. ஜீமெயிலும் இல்லை, யாஹூவும் இல்லை. வீட்டு ரெலிபோன் லைனோடு இன்டர்நெட் எடுத்தபோது கம்பனிக்காரர் சேர்த்துக் கொடுத்தது. இலங்கையில் வணிக ரீதியான இணையச் சேவை 1995இல் தொடங்கியது. டயல்-அப் காலத்தில் இணைப்பு எடுத்தால் முகவரியும் கூடவே வரும்.

அதை இன்று தினமும் திறந்து பார்ப்பவர் குறைவு. ஆனாலும் ஏதாவது ஒன்று அதில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்: வங்கிக் கணக்கு, காப்புறுதி, பேஸ்புக், கனடாவில் இருக்கும் அண்ணன் எப்போதோ அனுப்பிய ஸ்பொன்சர் கடிதங்களின் ஸ்கான் பிரதி. திடீரென்று தேவைப்படும் நாளில் உள்ளே போக முடியாது. அந்தப் பதற்றத்தில் செய்கிற வேலைகளில்தான் இருந்ததும் இல்லாமல் போகிறது. கணக்கு பூட்டிக்கொண்டதால் கடிதங்களை இழந்தவர்களைவிட, அதைத் திறக்கப் போய் இழந்தவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து அடிப்பது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். பிள்ளையின் பெயர், பிறந்த வருடம், பழைய கார் நம்பர் என்று வரிசையாக அடித்துப் பார்ப்பார்கள். பல சர்வர்கள், அதாவது கடிதங்களை வைத்திருக்கும் கம்பனியின் கொம்பியூட்டர்கள், சில முறை பிழைத்தவுடன் கணக்கைச் சிறிது நேரம் பூட்டிவிடும். அதற்குப் பிறகு சரியான கடவுச்சொல்லை அடித்தாலும் பிழை என்றுதான் சொல்லும். நீங்களும் அதைப் பிழை என்று நம்பி அடுத்ததுக்குப் போய்விடுவீர்கள்.

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆறுதலாக வாசியுங்கள். கடவுச்சொல் பிழை என்பது ஒன்று. சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது வேறு. சர்வரின் அடையாளத்தைக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழை நம்ப முடியவில்லை என்பது இன்னொன்று. பின்னைய இரண்டுக்கும் கடவுச்சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை. அவுட்லுக் போன்ற மென்பொருள்களோடுதான் தொல்லை. கோளாறு வேறெங்கோ இருந்தாலும் பல நேரம் அதே கடவுச்சொல் பெட்டியைத்தான் நீட்டும். ஆகவே மென்பொருளை விட்டுவிட்டு, கம்பனியின் வெப்மெயில் பக்கத்தை பிரவுசரில் திறந்து அதே கடவுச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். அங்கே திறந்தால் கடவுச்சொல் சரி. கோளாறு உங்கள் மென்பொருளின் அமைப்புகளில்.

வெப்மெயில் பக்கமே வரவில்லை என்றால், அந்த முகவரிக்கு வரும் கடிதங்களை இப்போது யார் வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இது கேட்கப் பெரிய விஷயம் போல இருக்கும். உண்மையில் ஒரு நிமிட வேலை. கூகுள் ஆட்மின் டூல்பொக்ஸில் ‘டிக்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. உங்கள் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியை அதில் கொடுத்து, ‘எம்எக்ஸ்’ (MX, கடிதம் வாங்கும் சர்வரின் பதிவு) என்பதைத் தெரிவு செய்யுங்கள். வேறொரு கம்பனியின் சர்வர் பெயர் வந்தால் சேவை கைமாறியிருக்கலாம் என்று அர்த்தம். ஒன்றுமே வராவிட்டால், பெரும்பாலும் அந்த முகவரிக்கு இனிக் கடிதம் வாங்க ஆளில்லை. அதன் பிறகு கடவுச்சொல்லோடு மல்லுக்கட்டி என்ன பயன்?

இப்படிக் கைமாறுவது புதினமும் இல்லை. அமெரிக்காவில் வெரைசன் 2017இல் ஈமெயில் சேவையைக் கைவிட்டு, விரும்பியவர்களின் முகவரிகளை ஏஓஎல் பக்கம் மாற்றியது. கொக்ஸ் 2024இல் தன் வாடிக்கையாளரின் அஞ்சலை யாஹூவிடம் ஒப்படைத்தது. அவுஸ்திரேலியாவில் ஐஐநெட், டிபிஜி முகவரிகள் 2023இல் வேறொரு நிறுவனத்துக்குப் போயின. சிட்னியில் இருந்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிய ஒருவர் தன் பழைய ஐஐநெட் முகவரியை பழைய சர்வர் பெயரோடு எவ்வளவு நேரம் தட்டினாலும் திறக்காது. இங்கேயும் கம்பனிகள் ஒன்றோடொன்று சேர்வதும் பெயர் மாறுவதும் நடக்கிறது. ரெலிகொமும் மொபிடெலும் ஒரே வணிகப் பெயருக்குள் வந்தது 2021இல். பெயர் மாறும்போது நீங்கள் சேமித்து வைத்த பழைய வெப்மெயில் லிங்க் செத்துப்போக இடமுண்டு. அதனால் கம்பனியின் இன்றைய முகப்புப் பக்கத்திலிருந்து தேடிப் போங்கள்.

எந்தக் கடவுச்சொல் என்று சொல்லாமல் மாற்றித்தரச் சொல்வது

ஒரே இணைப்புக்கு நான்கு கடவுச்சொற்கள் இருக்கலாம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் வைஃபை கடவுச்சொல், ரவுட்டர் லைனோடு இணைவதற்கு உள்ளே பதிந்திருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், பில் பார்க்கிற ஆப்பின் கடவுச்சொல், கடைசியாக ஈமெயிலின் கடவுச்சொல். ஹொட்லைனுக்கு எடுத்து “பாஸ்வேர்டை மாத்தித் தாங்கோ தம்பி” என்று மொட்டையாகச் சொன்னால், அவர் ஆப்பின் கடவுச்சொல்லை மாற்றித் தந்துவிட்டு, வேறேதும் உதவி வேண்டுமா என்று கேட்டு வைத்துவிடுவார். சிலவேளை இரண்டாவதை மாற்றிவிடுவார். அப்போது இன்டர்நெட்டும் சேர்ந்து நின்றுவிடும். முழு முகவரியையும் சொல்லி, அந்த அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல்தான் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

சின்ன விஷயங்கள் இரண்டு. பயனர் பெயராக முன்பு @ குறிக்கு முந்திய பகுதி மட்டும் போதுமாக இருந்த இடங்களில் இப்போது முழு முகவரியையும் கேட்கலாம். அப்புறம், போனில் அடித்தால் முதல் எழுத்து தானாகவே பெரிய எழுத்தாகிவிடும். கண் அடையாளத்தை அழுத்தி, என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

புதுக் கடவுச்சொல் கேட்கும் முன், பழையது எங்காவது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குரோம், ஃபயர்பொக்ஸ் இரண்டிலும் அமைப்புகளுக்குள் சேமித்த கடவுச்சொற்களின் பட்டியல் இருக்கும். பழைய லப்டொப்பில் அது அப்படியே கிடக்கலாம்.

கணக்கை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்ப்பது

செய்யவே கூடாதது இது. “அக்கவுண்டை டிலீட் பண்ணிட்டு மறுபடி அட் பண்ணிப் பாருங்கோ” என்று சொல்லாத மருமகன் இல்லை. இன்றைய ஜீமெயிலுக்கு அது பிரச்சினை இல்லை. கடிதமெல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கும், மீண்டும் சேர்த்தவுடன் வந்துவிடும். பழைய இன்டர்நெட் கம்பனி முகவரிகள் பெரும்பாலும் ‘பொப்’ முறையில் ஓடியவை. அதாவது தபால்காரர் போட்ட கடிதத்தை கேட் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோவது போலத்தான். எடுத்த பிறகு பெட்டி காலி. சர்வரில் ஒரு பிரதி விட்டுவை என்று தனியாக டிக் போட்டிருந்தால் ஒழிய, கடிதங்கள் உங்கள் கொம்பியூட்டரில் மட்டும்தான் இருக்கும். அந்தக் காலத்தில் சர்வரில் தந்த இடம் கொஞ்சம் என்பதால் அந்த டிக்கைப் போடாதவர்களே அதிகம்.

அந்தக் கொம்பியூட்டரில் கணக்கை அழித்தால், சில மென்பொருள்களில் கடிதங்களும் சேர்ந்தே போகும். தண்டர்பேர்ட் என்ற ஈமெயில் மென்பொருள், செய்திகளையும் அழிக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று அழுத்திவிட்டுப் பிறகு தலையில் கை வைப்போரும் உண்டு. அதே முகவரியைப் பின்னர், கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ‘ஐமெப்’ முறையில் சேர்த்தால், சர்வரில் இருக்கும் நாலைந்து விளம்பரக் கடிதங்கள் மட்டும் வந்து நிற்கும்.

எனவே எதையும் மாற்றும் முன் கோப்புகளைப் பிரதி எடுங்கள். அவுட்லுக் பொப் கணக்கின் கடிதங்களை பிஎஸ்டி என்ற கோப்பில் வைத்திருக்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு அஞ்சல் கோப்புறைக்கும் ஒரு டிபிஎக்ஸ் கோப்பை உண்டாக்கும். இன்பொக்ஸுக்கு ஒன்று, அனுப்பியவைக்கு ஒன்று. தண்டர்பேர்ட் என்றால் அதன் ப்ரொஃபைல் கோப்புறை முழுவதையும் எடுக்க வேண்டும். மென்பொருளை மூடிவிட்டு இவற்றை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொண்டால், பிறகு என்ன குளறுபடி நடந்தாலும் பழைய கடிதங்கள் கையில் இருக்கும்.

யூனிட்டி பிளாஸா பக்கம் கொம்பியூட்டரைத் திருத்தக் கொண்டுபோவோருக்கும் இதுதான். ‘போர்மட்’ என்ற சொல் பையனின் வாயிலிருந்து வரும் முன்பே, ஈமெயில் கோப்பு உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

பழைய இயந்திரத்தின் குற்றத்தை கடவுச்சொல் மேல் போடுவது

வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டு ஐயாவின் டெஸ்க்டொப் ஒருநாள் திடீரென்று எந்தப் பாதுகாப்பான பக்கத்தையும் திறக்க மறுத்தது, ஈமெயிலும் அப்படியே. கடவுச்சொல்லை மாற்றினார், ரவுட்டரை மாற்றினார், பலனில்லை. திரையின் மூலையில் திகதியைப் பார்த்தால் 2009 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு அளவு பட்டரி தீர்ந்துபோய், மின்சாரம் நின்று வரும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பின்னால் போயிருக்கிறது. பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு. 2009இல் நிற்கும் கொம்பியூட்டருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை, அதனால் நம்பாது. பட்டரியை மாற்றித் திகதியைச் சரிசெய்ததும் ஈமெயில் திறந்தது. மின்வெட்டுக் காலத்தில் இந்த வியாதி நிறைய வீடுகளில் தலைகாட்டியிருக்கும்.

திகதி சரியாக இருந்தும் திறக்காவிட்டால், அடுத்த சந்தேகம் டிஎல்எஸ். இணைப்பைச் சங்கேதமாக்கும் முறை அது. அதன் 1.0, 1.1 பதிப்புகள் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன. இன்று பெரும்பாலான சர்வர்கள் 1.2 அல்லது 1.3 மட்டுமே ஏற்கின்றன. மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரலில் கைவிட்ட எக்ஸ்பியில் ஓடும் அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்கு 1.2 தெரியாது. அதற்காக, பாதுகாப்பான இணைப்பு என்ற டிக்கை எடுத்துவிட்டு பழைய 110 போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்) இணைக்கச் சொல்லும் ஆலோசனையை மட்டும் கேட்காதீர்கள். கடவுச்சொல் சங்கேதமில்லாமல் அப்படியே போகும். புதிய இயந்திரத்தில், பொப் என்றால் 995, ஐமெப் என்றால் 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587 என்று கொடுங்கள்.

கூகுளில் கிடைத்த நம்பருக்கு எடுப்பது

உதவி நம்பர் என்று தேடினால் மேலே வருவது கம்பனியுடையதாக இருக்க வேண்டும் என்றில்லை. பில்லில் அச்சிட்டிருக்கும் நம்பருக்கு மட்டும் எடுங்கள். உங்கள் கொம்பியூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கவிடும் எனி டெஸ்க், டீம் வியூவர் போன்றவற்றை இறக்கச் சொன்னாலோ, போனுக்கு வந்த ஓடிபியை வாசிக்கச் சொன்னாலோ போனை வையுங்கள். ‘உங்கள் அஞ்சல் பெட்டி இன்றோடு மூடப்படும்’ என்று வரும் கடிதமும் இதே கூட்டம்தான். மாட்டிக்கொண்டால், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101க்கு அறிவிக்கலாம்.

வெறுங்கையோடு கிளைக்குப் போவது

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. முகவரியை இருபது வருடம் பாவித்தவர் நீங்களாக இருக்கலாம். லைன் அப்பாவின் பெயரில் இருந்தால் கம்பனிக்கு வாடிக்கையாளர் அவர்தான். அவர் இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது கையொப்பமிட்ட கடிதம் வாங்குங்கள். காலமாகிவிட்டார் என்றால் மரணச் சான்றிதழும் உறவை நிரூபிக்கும் பத்திரமும் எடுத்துப் போங்கள். லைனை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையையும் அன்றே தொடங்கலாம்.

அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு சிக்கல் வரும். பழைய பதிவில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். கையில் இருப்பதோ பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டை. இலக்கம் பொருந்தவில்லை என்று அலுவலர் சொன்னால், பழையதைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். ரெலிபோன் நம்பருக்கும் அப்படித்தான். கொழும்பு நம்பர்கள் முன்பு 01இல் ஆறு இலக்கம். பிறகு 011 ஆகி, ரெலிகொம் நம்பர்களுக்கு முன்னால் ஒரு 2 சேர்ந்தது. இணைப்பு எடுத்த காலத்து பில் ஒன்று பழைய ஃபைலில் கிடந்தால் அதற்கு நிகர் எதுவும் இல்லை.

லைனை வெட்டிவிட்டு ஈமெயிலை நினைப்பது

வீடு மாறுபவர்களும் வெளிநாடு போகிறவர்களும் லைனை நிறுத்தச் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் ஈமெயில் திறக்கவில்லை என்பார்கள். இணைப்போடு வந்தது இணைப்போடு போகும். நிறுத்தும் முன், வங்கி, காப்புறுதி, பேஸ்புக், பிள்ளையின் பாடசாலை எல்லாவற்றிலும் முகவரியை மாற்ற வேண்டும். ஜீமெயிலின் மீட்பு முகவரியாக அந்தப் பழைய முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், நாளை ஜீமெயில் பூட்டிக்கொள்ளும்போது அதன் குறியீடு திறக்க முடியாத பெட்டிக்குத்தான் போய்ச் சேரும்.

ஒருவழியாக உள்ளே போய்விட்டீர்கள் என்றால், முதலில் ஃபோர்வர்ட் அமைப்பைப் பாருங்கள். தெரியாத முகவரி எதற்காவது கடிதங்கள் போய்க்கொண்டிருந்தால் வேறொருவர் உங்களுக்கு முன்பே உள்ளே வந்திருக்கிறார். பிறகு, பழைய முகவரியையும் புதியதையும் தண்டர்பேர்டில் ஐமெப் முறையில் சேர்த்து, கடிதங்களை ஒன்றிலிருந்து மற்றதற்கு இழுத்துப் போடுங்கள். முன்பு ஜீமெயிலே பழைய பெட்டியிலிருந்து பொப் மூலம் எடுத்துவரும். 2026 ஜனவரியிலிருந்து அந்த வசதியை விலக்குவதாக கூகுள் அறிவித்ததால் அதை நம்பியிருக்க வேண்டாம்.

எல்லாம் மாற்றிய பிறகும் முடியுமானால் ஒரு வருடமாவது பழைய பெட்டியைத் திறந்தே வைத்திருங்கள். வாகனக் காப்புறுதி, இணையத்தளப் பெயர்ப் புதுப்பிப்பு, சில தொழில்முறைச் சங்கங்களின் சந்தா போன்றவை வருடத்துக்கு ஒருமுறைதான் கடிதம் அனுப்பும். மாற்ற மறந்தது எது என்று அந்தக் கடிதம் வந்து விழும்போதுதான் தெரியும்.