யூதர்களின் மூன்று யாத்திரைப் பண்டிகைகள்: பொருள் கொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை ஆகிய மூன்றையும் நம்மில் பெரும்பாலோர் விவிலியத்தின் வழியாகவே அறிந்திருப்பதால், அவை எப்போதோ முடிந்துபோன பழைய சடங்குகள் என்று கருதிவிடுகிறோம். இம்மூன்றுக்கும் யூதர்கள் எருசலேம் ஆலயத்துக்கு யாத்திரை செல்ல வேண்டியிருந்தது. பொ.ஆ. 70இல் ரோமானியர் அந்த ஆலயத்தை அழித்ததோடு பலிகளும் அவற்றுக்கான யாத்திரைக் கடமையும் நின்றுபோனது உண்மைதான். ஆனால் பண்டிகைகள் வீட்டு மேசைக்கும் ஜெப ஆலயத்துக்கும் இடம்பெயர்ந்து இன்றுவரை தொடர்கின்றன. புத்தாண்டையும் பாவநிவாரண நாளையும் இந்த வரிசையில் சேர்ப்பதும் பிழை. அவை புனிதமானவை எனினும் யாத்திரைப் பண்டிகைகள் அல்ல.

இஸ்ரயேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பஸ்காவை வெறும் வரலாற்று நினைவுநாளாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் எகிப்திலிருந்து தாமே வெளியேறியதாகக் கருத வேண்டும் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. புளிப்பில்லாத அப்பமும் கசப்புக் கீரையும் அந்த அனுபவத்தை நாவிலேயே உணர்த்துகின்றன. இன்றைய பஸ்கா விருந்தின் ஒழுங்கை இயேசுவின் இறுதி இராவுணவின் மீது அப்படியே ஏற்றிப் பார்ப்பதும் சரியன்று, ஏனெனில் அதன் பெரும்பகுதி ஆலய அழிவுக்குப் பின்னரே உருப்பெற்றது.

வாரங்களின் பண்டிகையை, விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களான தோரா கோதுமை அறுவடையோடு மட்டுமே இணைக்கிறது. சீனாய் மலையில் தோரா அருளப்பட்ட நாள் என்ற பொருளைத் தந்தவர்கள் பிற்கால ரபீக்கள், அதாவது யூத மத ஆசிரியர்கள். இதைக் கண்டு ஒன்று அசல், மற்றது இடைச்செருகல் என்று பிரிப்பவர்கள், பஸ்காவிலிருந்து இப்பண்டிகை வரை 49 நாள்கள் எண்ணப்படுவதைக் கவனிப்பதில்லை. அடிமைத்தளை அறுந்ததும் கதை முடிந்துவிடவில்லை. விடுதலை பெற்றவர்கள் எந்த நெறியில் வாழப்போகிறார்கள் என்ற கேள்வியை நோக்கியே அந்த எண்ணிக்கை செல்கிறது.

இவை அனைத்தையும்விடப் பெரிய தவறு, பண்டிகை மகிழ்ச்சியைத் தனிமனித ஆன்மிக அனுபவமாகச் சுருக்குவதே என்பேன். மகிழ வேண்டியவர்களாக தோராவின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 16ஆம் அதிகாரம் மகன், மகள், வேலைக்காரர், லேவியர், அந்நியர், அனாதை, விதவை என அனைவரையும் பெயர் சொல்லி அழைக்கிறது. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ், கதவை அடைத்துக்கொண்டு ஏழைகளுக்குக் கொடுக்காமல் தன் குடும்பத்தோடு மட்டும் உண்பவனின் மகிழ்ச்சி கட்டளையின் மகிழ்ச்சி அன்று, வயிற்றின் மகிழ்ச்சி என்று கடுமையாகவே எழுதுகிறார்.

கூடாரப் பண்டிகையை நிலையாமையை எண்ணி வருந்தும் துறவு நோன்பாக விளக்குவோரும் உண்டு. களஞ்சியம் நிறைந்திருக்கும் காலத்தில் உறுதியான வீட்டைவிட்டு, தழைக்கூரையின் கீழ் ஏழு நாள் தங்குவது செல்வத்தின் மீதுள்ள நம்பிக்கையைத் தளர்த்துகிறது என்பது சரியே. எனினும் பிரார்த்தனை நூல் இதனை 'நம் மகிழ்ச்சியின் காலம்' என்றே அழைக்கிறது. உடலை வருத்துவது அதன் நோக்கமன்று. கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்தால் கூடாரத்தைவிட்டு வீட்டுக்குள் போய்விடலாம் என்று மிஷ்னாவே அனுமதி தருகிறது.