சிறுவர்களோடு வாட்டர்கலரில் பூச்சி வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சை இலை மேல் ஒரு சிவப்புப் பொறிவண்டு. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு வாட்டர்கலர் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல படம் கிடைப்பது கடினம். உருண்டையான உடல், இரண்டு நிறம், கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். ஆனாலும் பெரும்பாலும் கடைசியில் மிஞ்சுவது சுருங்கிய தாளும் பழுப்புச் சேறும்தான். பிள்ளைக்குக் கை பழகவில்லை என்று உடனே சொல்லிவிடுகிறோம். உண்மையில் தாள், தண்ணீர், காய விடும் நேரம் என்ற மூன்றில் பெரியவர்கள் செய்து தரும் ஏற்பாடுதான் முக்கால்வாசி கெடுக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டால் பிள்ளையின் கை எப்படிப் போனாலும் படம் தேறும்.

இலையைத் தீட்டிவிட்டு அதன் மேல் வண்டைத் தீட்டுவது

முதலில் இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் நடப்பது இதுதான். போஸ்டர் கலர் அடியில் இருப்பதை மறைக்கும். வாட்டர்கலர் மறைக்காது, அது ஒளி ஊடுருவும் நிறம். பச்சை நன்றாகக் காய்ந்த பிறகு சிவப்பைப் போட்டாலும் இரண்டும் சேர்ந்து பழுப்பாகத்தான் தெரியும். பிள்ளை சிவப்பு வரவில்லையே என்று மேலும் மேலும் பூசும், தாள் நைந்து நார் நாராகக் கிளம்பும்.

ஆகவே வண்டு இருக்கும் இடத்தை வெள்ளையாக விட்டுத்தான் இலையைத் தீட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வரிசையை மாற்றிக் கொடுப்பது இன்னும் எளிது. முதலில் வண்டின் முதுகு முழுக்க மஞ்சள். அது காய்ந்ததும் அதன் மேல் ஸ்கார்லெட் சிவப்பு. அடியிலுள்ள மஞ்சள் சிவப்பைப் பளிச்சென்று காட்டும். முதுகின் ஓரிடத்தில் ஒரு மொச்சை அளவுக்கு வெறும் தாளை விட்டுவிட்டால் அதுவே மினுமினுப்பு. வண்டு முழுக்கக் காய்ந்த பிறகு இலை. கறுப்புப் புள்ளி, கால், நிழல் எல்லாம் கடைசி. வெளிர் நிறம் முன்னால், அடர் நிறம் பின்னால் என்ற இந்த ஒரு விதியைப் பிள்ளை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் மெல்ல வரும்.

இலையும் வண்டும் தொடும் கோட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. இரண்டு பக்கமும் ஈரமாக இருந்தால் சிவப்பு பச்சைக்குள் ஓடும். காய விட நேரமில்லை என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் அகலம் வெள்ளையாக விடச் சொல்லுங்கள். அந்த வெள்ளைக் கோடு பார்க்கவும் அழகாகவே இருக்கும்.

தாள்

பள்ளி டிராயிங் நோட்டுத் தாளும் சார்ட் பேப்பரும் இந்த வேலைக்கு ஆகாது. தண்ணீர் பட்டதும் தாள் மேடும் பள்ளமுமாக நெளியும். பள்ளத்தில் நிறம் குளம் கட்டும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் தாள், அதிலும் லேசான சொரசொரப்புள்ள கோல்ட் பிரஸ் வகை, பிள்ளைகளுக்குப் போதும். முழுப் பருத்தித் தாள் விலை அதிகம். தொடக்கத்துக்கு மாணவர்களுக்கான சாதாரண வகையே நன்றாக உழைக்கும். பணம் குறைவாக இருந்தால் நிறத்திலும் பிரஷிலும் சிக்கனம் பிடியுங்கள், தாளில் வேண்டாம்.

ஒரு ஏ4 தாளை இரண்டாக வெட்டினால் பிள்ளைக்குச் சரியான அளவு. அதைப் பரீட்சை எழுதும் அட்டையில் வைத்து நான்கு ஓரத்திலும் அரை சென்டிமீட்டர் ஏறும்படி மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு ஓரம் மட்டும் ஒட்டினால் ஒட்டாத பக்கம் சுருளும். சாதாரண செல்லோ டேப் ஒட்டினால் உரிக்கும்போது தாளும் சேர்ந்து வரும்.

தண்ணீர்க் கணக்கு

"தண்ணி கொஞ்சமா எடு" என்றால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. அளவு சொல்லிக் கொடுங்கள். டியூப் கலர் ஒரு மிளகு அளவு, அதோடு ஒரு தேக்கரண்டித் தண்ணீர்: இது இலைக்கும் வானத்துக்குமான வெளிர் பூச்சு. அதே மிளகு அளவுக்கு அரைத் தேக்கரண்டி: வண்டின் முதுகுக்கு. நான்கைந்து சொட்டு மட்டும்: கால், உணர்கொம்பு, புள்ளி. கேக் கலர் என்றால் ஒவ்வொரு வில்லை மேலும் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் ஊற விட்டுப் பிறகு தொட வேண்டும். காய்ந்த வில்லையில் பிரஷைப் போட்டுத் தேய்த்தால் நிறம் வராது, முடிதான் விரியும்.

காயும்போது வாட்டர்கலர் வெளிறும். ஈரத்தில் சரியாகத் தெரியும் நிறம் காய்ந்தபின் மங்கலாகிவிடும். அதனால் ஒரு கீற்றுத் தாளில் தொட்டுப் பார்த்து, காய விட்டுப் பார்த்த பிறகு படத்துக்குப் போவது நல்லது.

தண்ணீருக்கு இரண்டு கிண்ணம் வேண்டும். ஒன்றில் பிரஷைக் கழுவ, மற்றதில் சுத்தத் தண்ணீர் எடுக்க. ஒரே கிண்ணம் என்றால் மூன்றாவது நிறத்துக்குள் தண்ணீர் சாம்பலாகிவிடும், மஞ்சள் மஞ்சளாக வராது. கழுவிய பிரஷைப் பழைய பனியன் துணியில் ஒரு தரம் ஒற்றிவிட்டு நிறத்தைத் தொட வேண்டும். ஒற்றாத பிரஷில் தங்கிய தண்ணீர் மொத்தமும் படத்தில்தான் இறங்கும். குடிக்கும் டம்ளரை இதற்குக் கொடுக்காதீர்கள். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தையும் முதல் நாளே தடுத்துவிட வேண்டும்.

பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தொடுவது

இலையைத் தீட்டியாயிற்று. பளபளப்புப் போய்விட்டது, ஆனால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை ஒரு சொட்டுத் தண்ணீரோ நிறமோ வைத்தால், புதிய தண்ணீர் பரவி, அடங்கிக்கொண்டிருந்த நிறத்தை ஓரத்துக்குத் தள்ளும். காய்ந்ததும் அங்கே பூக்கோசு போல நெளிநெளியான விளிம்பு தெரியும். அதை அழிக்கத் தேய்த்தால் தாள்தான் போகும். இலையில் அப்படி ஒன்று வந்துவிட்டால் அப்படியே விடுங்கள். பூச்சி அரித்த இலைக்கு அது பொருந்தவே செய்யும். வண்டின் முதுகில் வந்தால் முழுக்கக் காய்ந்தபின் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைக்கலாம்.

தாள் பளபளவென்று ஈரமாக இருக்கும்போது நிறம் சேர்க்கலாம்; அது தானே மெத்தென்று பரவும். முழுக்கக் காய்ந்த பிறகும் சேர்க்கலாம். விளிம்பு கூர்மையாக நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. காய்ந்ததா என்று பார்க்க, புறங்கையைத் தாளில் லேசாக வையுங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது.

நம் ஊர் வெயிலுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மே மாதத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் இலையின் ஒரு பாதியைத் தீட்டி முடிப்பதற்குள் மறுபாதி காய்ந்து கோடு விழும். தீட்டும்போது விசிறியை நிறுத்திவிட்டு, காய வைக்கும்போது போடுங்கள். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் நேர் எதிர். ஒரு பூச்சு காய வெகு நேரம் பிடிக்கும். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடிக்கலாம். நெருக்கிப் பிடித்தால் ஈர நிறம் ஓடிவிடும்.

இந்தக் காத்திருப்புதான் பிள்ளைகளுக்குக் கடினம். ஒரே வீச்சில் முடிக்க வைக்காமல் இரண்டு அமர்வாகப் பிரியுங்கள்: முதல் நாள் இருபது நிமிடம் வரைவதும் முதல் பூச்சும், மறுநாள் இலையும் நுணுக்கமும். இல்லையென்றால் இரண்டு தாளை ஒட்டிக் கொடுத்து, ஒன்று காயும்போது மற்றதில் வேலை செய்யச் சொல்லுங்கள்.

பூச்சியைப் பார்க்காமல் வரைவது

சிவப்பு வட்டம், நடுவில் ஒரு கோடு, ஏழு புள்ளி. பொறிவண்டு என்றதும் பிள்ளைகள் இதைத்தான் போடுகிறார்கள், ஏனென்றால் படப் புத்தகங்களில் அதுதான் இருக்கிறது. நம் தோட்டத்தில் அசுவினி (செடிச் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி) அப்பிய அவரைக் கொடியிலோ தட்டைப்பயற்றிலோ தேடினால் அதிகம் தென்படும் பொறிவண்டின் முதுகில் புள்ளியைவிட வளைந்து நெளிந்த கறுப்புக் கோடுகள்தான் இருக்கும். கத்தரி இலையைச் சல்லடையாக்கும் எபிலாக்னா வண்டும் பொறிவண்டுக் குடும்பம்தான். அது மங்கிய செம்பு நிறம், 28 புள்ளிகள், முதுகில் மினுமினுப்பு இருக்காது. எதை வரையப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டால் நிறமும் தானே முடிவாகிவிடும்.

உடல் அமைப்பில் மூன்று இடம் தவறும். பொறிவண்டின் நடுக்கோடு தலை வரை போகாது. தலைக்கும் சிறகு உறைக்கும் நடுவே ஒரு பட்டை இருக்கிறது. கோடு அங்கேயே நின்றுவிடும். அடுத்து, கால்கள். எந்தப் பூச்சிக்கும் ஆறு காலும் சிறகும் நடு உடலான மார்பிலிருந்துதான் கிளம்பும். பிள்ளைகள் வால் வரைக்கும் வரிசையாகக் கால் வைப்பார்கள். தட்டானில் இது அப்பட்டமாகத் தெரியும்: நான்கு சிறகும் ஆறு காலும் முன்பக்கம் நெருங்கி இருக்க, பின்னால் ஊசி போன்ற வயிறு மட்டும் நீளும். மூன்றாவது, உணர்கொம்பு. பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிக்கு அதன் நுனி தடித்திருக்கும். தட்டானுக்கு அது மயிர் அளவு குட்டை, வரையாமல் விட்டாலும் பரவாயில்லை.

எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியை உற்றுப் பார்த்த பிள்ளை நான்கு கால்தான் போடும். திருத்திவிடாதீர்கள், பிள்ளை சரியாகப் பார்த்திருக்கிறது. அந்தக் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளுக்கு முன்னங்கால் இரண்டும் குறுகி மார்போடு ஒட்டியிருக்கும். சிலந்தியும் மழைக்குப் பின் வரும் தம்பலப்பூச்சியும் எட்டுக்கால் பிராணிகள். அவற்றையும் தாராளமாக வரையட்டும், கால் கணக்கு மட்டும் வேறு.

அளவும் முக்கியம். பிள்ளைகள் பூச்சியைத் தாளின் மூலையில் சுண்டைக்காய் அளவுக்குப் போடுவார்கள். அதற்குள் எந்தப் பிரஷும் நுழையாது. உடல் மட்டும் ஏழு, எட்டு சென்டிமீட்டர் இருக்கட்டும். 6ஆம் எண் வட்டப் பிரஷ் ஒன்று, நுணுக்கத்துக்கு 2ஆம் எண் ஒன்று. அதற்கு மேல் தேவையில்லை.

வண்ணத்துப்பூச்சியின் இரு பக்கமும் ஒத்துவர வாட்டர்கலர் தாளையே மடிப்பார்கள். மடிப்பில் நிறம் தேங்கி நிரந்தரக் கோடாகிவிடும். வேறு மெல்லிய தாளை மடித்து ஒரு பக்கச் சிறகை வெட்டி, விரித்து, அதைச் சுற்றிப் பென்சிலால் வரையட்டும். பென்சில் எச்பி, அழுத்தாமல். நிறத்தின் அடியில் மாட்டிய அழுத்தக் கோடு ரப்பருக்கு வராது.

வெள்ளையும் கறுப்பும்

செட்டில் வெள்ளை டியூப் இருப்பதால் எல்லா நிறத்தையும் அதைக் கலந்துதான் வெளிறாக்க வேண்டும் என்று பிள்ளை நினைக்கும். கலந்தால் நிறம் சுண்ணாம்புத்தனமாக மங்கிவிடும். தண்ணீர் சேர்த்தாலே வெளிறும். வெள்ளைப் புள்ளி வேண்டுமென்றால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். வெந்தய வரியனின் ஆரஞ்சுச் சிறகு நுனியில் கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள். தாள் காய்ந்திருக்கும்போதே அந்த இடங்களில் வெள்ளை மெழுகு கிரயானை அழுத்தித் தேய்த்துவிட்டால் பிறகு எந்த நிறம் போட்டாலும் மெழுகில் ஒட்டாது. லேசாகத் தேய்த்தால் வேலை செய்யாது. நிறம் படாமல் இடத்தை மறைக்கக் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் திரவம் பிள்ளைகளுக்கு வேண்டாம். அதன் நெடி கடுமை, பிரஷையும் பாழாக்கும்.

கறுப்பை நேராக எடுத்துப் பூசினால் தட்டையான ஓட்டை போலத் தெரியும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்தால் உயிருள்ள கருமை கிடைக்கும். தட்டான் சிறகுக்கு நிறமே எடுக்க வேண்டாம். நீலப் பிரஷைக் கழுவிய தண்ணீரே போதும். நரம்புகளைக் காய்ந்த பிறகு பேனாவால் போடலாம். ஜெல் பேனாவால் முதலிலேயே கோடு போட்டுவிட்டு நிறம் தீட்டினால் மை கரைந்து படம் முழுக்கக் கறுக்கும்.

உயிரோடு பார்க்கும்போது

பார்த்து வரைவதற்காகப் பூச்சியைப் பிடித்துக் குடுவையில் அடைக்க வேண்டாம். செடி அருகே உட்கார்ந்து பார்ப்பதும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதும் போதும். செம்பருத்திப் பூவைத் தின்னும், ஆரஞ்சும் கறுப்பும் பட்டையிட்ட கொப்புள வண்டு பிள்ளைகளை வெகுவாக ஈர்க்கும். அதைத் தொட்டாலோ நசுக்கினாலோ தோலில் கொப்புளம் எழும். கம்பளிப்பூச்சியும் அப்படித்தான், கண்ணால் மட்டும் பார்க்க வேண்டியது.

முடிந்த பிறகு

டேப்பை ஈரத்தில் உரித்தால் ஓரம் கிழியும். முழுக்கக் காய்ந்தபின், படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக இழுங்கள். தாள் கொஞ்சம் வளைந்திருந்தால் பின்பக்கம் மட்டும் ஈரத் துணியால் லேசாக ஒற்றி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விட்டால் நேராகிவிடும். பிரஷைக் கிண்ணத்தில் தலைகீழாக நிற்க விட்டால் நுனி வளைந்துவிடும், கழுவிப் படுக்க வைத்துக் காய விடுங்கள். கேக் கலர் பெட்டியை ஈரத்தோடு மூடினால் மழைக்காலத்தில் வில்லை மேல் பூஞ்சை பிடிக்கும். ஓர் இரவு திறந்தே இருக்கட்டும்.