திருவையாறு ஆராதனைக்கு முதல் முறை வருகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

என் அண்ணன் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ப்ராக்ரெசிவ் ராக், சைக்கடெலிக் என்று இருபது நிமிடம் ஓடும் பாட்டுகளாகத் தேடிப் பிடித்துக் கேட்பவன். ராக் விழா எங்கே நடந்தாலும் கிளம்பிவிடுவான். கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவு நாளையொட்டி அவர் சமாதியில் நடக்கும் திருவையாறு ஆராதனைக்கு வருகிறேன் என்றவன் கேட்ட முதல் கேள்வி: "அத்தை, டிக்கெட் எங்க எடுக்கணும்? கடைசி நாள் ராத்திரி யார் பாடறாங்க?"

டிக்கெட்டே கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இரண்டாவது கேள்வியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்த விழாவின் உச்சம் ராத்திரியில் இல்லை, அவர் மறைந்த திதியான பஞ்சமியன்று காலையில். ஒன்பது மணி வாக்கில் அவருடைய ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்தினத்தை எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடுவார்கள். தஞ்சாவூரிலிருந்து பதிமூன்று கிலோமீட்டர்தானே, அரை மணியில் போய்விடலாம் என்று எட்டரைக்குக் கிளம்பாதீர்கள். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலத்துக்குப் பாலம் வண்டிகள் நிற்கும். ஆறு மணிக்கே பஸ் ஏறிவிடுங்கள். பனி இருக்கும், ஒரு சால்வை வேண்டும்.

தேதியிலும் ஒரு குழப்பம் உண்டு. தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. அந்தத் தேதியை நம்பி ரயிலுக்கு முன்பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆராதனை திதிப்படி, புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாளில் நடக்கிறது. 2024-இல் அது ஜனவரி 30, 2025-இல் ஜனவரி 18. அந்தந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, இதைக் கச்சேரி என்று நினைத்து வருவது. பஞ்சரத்தினம் தவிர மற்ற நேரங்களில் மேடை ஏறும் ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள்தான். ஒன்றிரண்டு கீர்த்தனை பாடி, கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். எவ்வளவு பெரிய வித்வானானாலும் இதுதான் வழக்கம். 'இவ்வளவுதானா' என்று எழுந்து போகாதீர்கள். அவர்கள் பாடுவது தியாகராஜருக்காக, அஞ்சலியாக.

பஞ்சரத்தினத்துக்குக் காதைத் தயார் செய்யாமல் வருவதும் தவறுதான். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகம். ஐந்தும் ஆதி தாளம். முதல் பாட்டு சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. பாட்டின் பிற்பகுதியான சரணத்தில் முதலில் ச-ரி-க-ம என்று வெறும் ஸ்வரமாகப் பாடுவார்கள். உடனே அதே ஸ்வரத்தின் மேல் சொல் ஏறி வரும். பிறகு எடுத்த வரிக்கே திரும்புவார்கள். அடுத்த சரணம் வேறு வழியாகச் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்து சேரும். "இதத்தானே அத்தை நான் அந்த நீளப் பாட்டுகள்ல தேடறேன்" என்றான் பையன். இரண்டு வாரம் தினமும் ஐந்தில் கடைசிப் பாட்டான 'எந்தரோ மகானுபாவுலு' மட்டும் கேட்டுவிட்டு வந்திருந்தான். அதுபோதும். ஒரு பாட்டாவது மனதில் இருந்தால் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாக எழும்போது உங்கள் குரலும் தானாகச் சேரும். (நான்காவதான வராளி வரும்போது எங்கள் வரிசையில் சத்தம் சற்றே அடங்கும். வராளியை நேரே சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் ஆகாது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை.)

அந்த ஒரு மணி நேரமும் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்காதீர்கள். பின்னால் இருப்பவருக்கு உங்கள் முழங்கைதான் தெரியும்.

அப்புறம், பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாவின் சமாதியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். இடிந்து கிடந்த தியாகராஜரின் சமாதியை 1920-களில் சொந்தச் சம்பாத்தியத்தில் கோயிலாகக் கட்டியவர் அவர். அப்படியிருந்தும் பெண்கள் அங்கே பாடக்கூடாது என்றார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் தனித்தனியாக ஆராதனை நடத்திவந்த கட்சிகள் ஒன்றாகின. நான் இன்று அந்த வரிசையில் உட்கார்ந்து வாய்விட்டுப் பாடுகிறேன் என்றால் அது அவர் வாங்கிக் கொடுத்த இடம். 1952-இல் மறைந்த அவருக்கும் அங்கேயே சமாதி இருக்கிறது, தியாகராஜரைப் பார்த்தபடி. கூட்டம் கலைந்ததும் பையனை அங்கேதான் கூட்டிப்போனேன். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் நின்றான்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதற்கு முன் ஆராதனை வந்தால் காவிரியில் தண்ணீர் ஓடும். படித்துறையோடு நின்றுகொள்ளுங்கள், ஆழம் தெரியாமல் இறங்க வேண்டாம். கடைத்தெருவில் அசோகா கிடைக்கும். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அல்வா அது. ஊருக்குப் பார்சல் கட்டினால் நெய் உறைந்துவிடும். சூடாக அங்கேயே நின்று சாப்பிடுங்கள்.