கறவைப் பசுவின் மறைநிலை மடிநோயைப் பாலைக் கொண்டே கண்டறியும் முறை

வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்தில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். கொழுப்பும், எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்களின் அளவும் பார்த்தே விலை போடுவதால், எஸ்.என்.எஃப். ஒரு வாரமாகக் குறைந்துகொண்டே வந்தால் தண்ணீர் கலந்ததாகத்தான் முதலில் சந்தேகம் எழுகிறது. நேர்மையாகப் பால் ஊற்றுபவருக்கு இது பெரிய மனவேதனை. தீவனக் குறைபாட்டாலும் இந்த அளவு குறையலாம் என்றாலும், வெளியே வீக்கமோ வலியோ தெரியாத மறைநிலை மடிநோயும் இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதால், தீவனத்தை மாற்றுவதற்கு முன் மடியைச் சோதித்துவிடுவது நல்லது.

காம்புத் துளை வழியாகக் கிருமி நுழைந்ததும் இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் மடிக்குள் திரண்டு வருகின்றன. பால் சுரக்கும் செல்கள் சேதமடைவதால் லாக்டோஸ் குறைகிறது. இரத்தத்திலுள்ள சோடியமும் குளோரைடும் பாலில் கசிய, பொட்டாசியம் குறைகிறது. பாலின் உடற்செல் எண்ணிக்கை (பாலிலுள்ள வெள்ளையணுக்களும் மடியின் செல்களும் சேர்ந்த எண்ணிக்கை), மின்கடத்துத்திறன், கார அமிலத் தன்மை ஆகியவை மாறுவது இதனால்தான். இம்மாற்றங்களையே நோய்காட்டிகள் என்கிறோம்.

நடைமுறையில் மிகவும் பயன்படுவது உடற்செல் எண்ணிக்கை. ஒரு மில்லிலிட்டர் பாலில் 2 லட்சத்துக்கு மேல் செல்கள் இருந்தால் அந்தக் காம்பில் தொற்று இருக்கலாம் என்று கருதுவது உலகெங்கும் வழக்கம். இதை ஆய்வகக் கருவி இல்லாமல் தொழுவத்திலேயே மதிப்பிட உதவுவது, 1957-இல் வெளியான கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை. நான்கு குழிகள் கொண்ட தட்டும் அதற்குரிய கரைசலும் போதும். முதலில் மடியைக் கழுவி உலரத் துடைத்து, ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சுகளை ஒரு கருப்புத் துணியில் பீய்ச்சி, அதில் திரியோ கட்டியோ இரத்தமோ தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தந்தக் காம்புக்குரிய குழியில் சுமார் 2 மில்லி பால் எடுத்து, அதே அளவு கரைசலைச் சேர்த்துத் தட்டை வட்டமாகப் பத்து விநாடி சுழற்றி உடனே முடிவைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது விநாடிக்கு மேல் காத்திருந்தால் லேசான மாற்றம் மறைந்துவிடும். பால் நீர்மையாகவே ஓடினால் தொற்று இல்லை எனக் கொள்ளலாம். சளிபோல லேசாகத் திரண்டால் சந்தேகம், தெளிவாகக் கெட்டிப்பட்டால் நோய், நடுவில் குவிந்து கூழ்போலத் திரண்டால் கடும் அழற்சி. கரைசல் வெள்ளையணுக்களின் சவ்வை உடைப்பதால் வெளியேறும் மரபுப்பொருளே (டி.என்.ஏ.) இப்படிக் கூழாகிறது. கரைசல் கிடைக்காதவர்கள் துணி துவைக்கும் பொடியை 100 மில்லி நீருக்கு 3 கிராம் கரைத்து, பாலுடன் சம அளவில் கலந்து ஒரு நிமிடம் சுழற்றியும் பார்க்கலாம். சோதித்த பாலைக் கீழே கொட்டுங்கள். மற்றப் பாலுடன் சேர்க்கவோ, கன்றுக்குக் கொடுக்கவோ வேண்டாம்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: நான்கு காம்பையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள். கன்று ஈன்ற முதல் சில நாள்களிலும், பால் வற்றும் தறுவாயிலும் செல் எண்ணிக்கை இயல்பாகவே உயர்ந்திருப்பதால் நான்கு குழிகளும் ஒரே அளவில் லேசாகத் திரளலாம். அது நோயாக இருக்க வேண்டியதில்லை. ஒரு குழி மட்டும் தனித்துத் திரண்டால் நோயை அங்கேதான் தேட வேண்டும்.

மின்கடத்துத்திறனைக் கையடக்கக் கருவியால் அளக்கலாம். நலமான பசுவின் பாலில் இது சென்டிமீட்டருக்குச் சுமார் 4 முதல் 5.5 மில்லிசீமென்ஸ் வரை இருக்கும். உப்புகள் கசிய இந்த அளவு ஏறும். பால் குளிரக் குளிர அளவு குறைந்து காட்டும் என்பதால், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக் காலைக் குளிரில், கறந்த பாலை வைத்துவிட்டுப் பிறகு அளந்தால் நோயுள்ள காம்பும் நலமானதாகத் தோன்றக்கூடும். கறந்த சூட்டிலேயே, நான்கு காம்பையும் அடுத்தடுத்து அளக்க வேண்டும்.

லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி, ஹாப்டோகுளோபின் என்னும் புரதம், பாலிலுள்ள அமைலாய்டு ஏ புரதம் ஆகியவை இன்னும் நுட்பமான நோய்காட்டிகள். குறிப்பாக அந்த அமைலாய்டு புரதத்தை மடியின் செல்களே சுரப்பதாலும், நலமான பாலில் அது மிகக் குறைவாக இருப்பதாலும், மடி அழற்சியை நன்கு பிரித்துக் காட்டும். ஆனால் இவற்றுக்கு ஆய்வகம் வேண்டும்; இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்கு முதல் கட்டத்தில் தட்டே போதும் என்பது என் கருத்து.

இவையெல்லாம் அழற்சி இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்தக் கிருமி என்று சொல்லாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிக்கும் ஈ.கோலைக்கும் சிகிச்சை வேறு. ஆகவே ஊசியோ காம்பு மருந்தோ போடுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும். காம்பு நுனியை 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் துடைத்து உலரவிட்டு, முதல் பீச்சுகளைத் தள்ளி, கிருமிநீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மில்லி எடுத்து, பசுவின் அடையாளம், காம்பு, தேதி ஆகியவற்றைக் குப்பியில் எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். தலைவாசல் அல்லது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகுவது பற்றி உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று வாரம் வரை கிருமி அழிந்த பின்னும் செல் எண்ணிக்கை உயர்ந்தே இருக்கலாம். அதற்கு முன்பே தட்டில் திரண்டதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி ஊசி போடச் சொல்லாதீர்கள். மருந்து தந்த பசுவின் பாலை மருத்துவர் குறித்த நாள்வரை சொசைட்டிக்கு ஊற்றாமல், மூன்றாம் வார முடிவில் அதே நான்கு காம்பையும் மீண்டும் சோதித்து, பழைய குறிப்புக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.