ஃபிட்ஸ் வந்தா சொதி மேல பழி போடுததுக்கு முன்னாடி இதச் செய்யுங்க

எங்க அண்ணன் மவளுக்கு ஆறு வயசுல இருந்து ஃபிட்ஸ் உண்டு. ஒரு சொந்தக்காரக் கல்யாணம் முடிஞ்சு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு, சொதியும் (தேங்காப்பால் குழம்பு) இஞ்சிப் பச்சடியும், பிள்ள சாப்பிட்டுட்டு கை கழுவப் போன இடத்துல அப்படியே சாஞ்சுட்டு. அன்னையோட எங்க வீட்ல சொதி நின்னு போச்சு. தேங்காப்பால் பிள்ளைக்கு ஆகலன்னு ஆச்சி சொல்லிட்டாவ, அடுத்த தடவ வந்தப்போ கத்தரிக்கா, அதுக்கடுத்து கருவாடு, இப்படியே கழிச்சுக் கழிச்சு கடைசில இட்லியும் பாலும்தான் மிச்சம், பிள்ள எலும்பும் தோலுமா ஆயிட்டு. அதுக்கப்புறம்தான் எழுதி வைக்க ஆரம்பிச்சோம். அத எப்படிப் பண்ணணும்னுதான் சொல்லப் போறேன்.

ஒண்ணு மொதல்லயே சொல்லிருதேன், சாப்பாட்ட என்ன மாத்தினாலும் சரி, டாக்டர் குடுத்த மாத்திரைய நீங்களா நிறுத்திராதிய. திடீர்னு நிறுத்தினா வலிப்பு விடாம தொடர்ந்து வந்து உசுருக்கே ஆபத்தாயிரும்.

நோட்டெல்லாம் வாங்க வேண்டாம், செவத்துல மாட்டியிருக்க தினக்காலண்டர் போதும். ராத்திரி தாளக் கிழிச்சு அதோட பின்பக்கம் எழுதி, பழைய கரண்டு பில்லு குத்தி வைக்குத கம்பியில குத்திருங்க, எங்க மதினி அப்படித்தான் வச்சிருக்கா. எத்தன மணிக்குத் தூங்கி எந்திரிச்சா, காலை ராத்திரி மாத்திரை எத்தன மணிக்கு, என்ன சாப்பிட்டா எப்போ சாப்பிட்டா, காய்ச்சல் வயித்துப்போக்கு உண்டா, வயசுக்கு வந்த பொம்பளப்பிள்ளைன்னா மாசவிலக்கு தேதி. வலிப்பு வந்தா நேரம், எத்தன நிமிஷம், எந்தக் கை மொதல்ல இழுத்துச்சு, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதா இல்ல சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு. முடிஞ்சா போன்ல வீடியோ எடுங்க, நாம வாயால சொல்லுதத விட டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

இதுல எல்லாரும் விடுத தப்பு என்னன்னா ஃபிட்ஸ் வந்த நாள மட்டும் எழுதுதது. வராத நாளையும் எழுதணும். ஏன்னா வந்த அன்னைக்கு சோறும்தான் சாப்பிட்டிருப்பா, அதுக்காக சோத்தக் குத்தம் சொல்ல முடியுமா? எங்க கம்பியில எட்டு மாசத்துல பதினொரு தடவ பதிஞ்சிருந்துச்சு, அதுல ஏழு மாத்திரை தப்பின நாள் இல்லன்னா தூக்கம் கெட்ட நாள். ஆப்பத்துக்கு தேங்காப்பால் ஊத்திச் சாப்பிட்ட ஒம்போது நாள்ல ஒண்ணுல கூட வரல. அப்புறம்தான் மதினிக்கு ஞாபகம் வந்துச்சு, அந்தக் கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல இருந்து வீடு வர ராத்திரி ரெண்டு மணி, மாத்திரை இருந்த பை கார் டிக்கியிலயே கெடந்துச்சு. பாவம் சொதி.

அப்போ சாப்பாட்டுக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லையான்னா, உண்டு, ஆனா நாம நெனைக்குத வழியில இல்ல. சில பேருக்கு சாப்பிடுத வேலையே தூண்டிவிடும், ஈட்டிங் எபிலெப்சின்னு பேரு, இலங்கையிலயும் நம்ம நாட்டுலயும் நெறைய பதிவாயிருக்கு. பெரிய சோத்துச் சாப்பாட்டு நடுவுல அடிக்கடி வந்தா காய மாத்தி பிரயோஜனம் இல்ல, டாக்டர்ட்ட அதச் சொல்லுங்க, மருந்தும் நேரமும் மாத்தித் தருவாவ. அடுத்து கோதுமை. சீலியாக் நோய், அதாவது கோதுமையில உள்ள குளூட்டன் கொடலுக்கு ஒத்துக்காத நோய், உள்ளவங்கள்ல சிலருக்கு வலிப்பும் சேர்ந்து வரும். நமக்கு அரிசிதான் மெயின்னாலும் பரோட்டா இல்லாத ஊரா இது? சந்தேகம் இருந்தா ரத்த டெஸ்ட் உண்டு, ஆனா டெஸ்டுக்கு முன்னாடியே கோதுமைய நிறுத்திட்டா ரிசல்ட் தப்பா வந்துரும்.

1989ல வந்த ஒரு ஆய்வுல வலிப்போட மைக்ரேன் தலைவலியோ அடங்காத துறுதுறுப்போ சேர்ந்து இருந்த 45 பிள்ளைங்களுக்கு ரொம்பக் கொஞ்ச வகை உணவு மட்டும் குடுத்துப் பாத்ததுல 25 பேருக்கு வலிப்பு நின்னுச்சு, வெறும் வலிப்பு மட்டும் இருந்த 18 பேர்ல ஒருத்தருக்கும் பலனில்ல. அதனால தலைவலி, வயித்துவலி கூட உண்டான்னு தாள்ல சேத்து எழுதுங்க.

கோஸ் தின்னா மூளைக்குப் புழு போவும்னு சொல்லுவாவல்லா, அதுல பாதி உண்மை. நாடாப்புழு முட்ட சரியாக் கழுவாத பச்சக் காய், கீரை, கழுவாத கை வழியா உள்ள போயி மூளையில கட்டியா உக்காந்துரும், பன்னிக்கறி தொடாத வீட்டுலயும் வரும். நல்லா கழுவி வேகவச்ச கோஸ் ஒண்ணும் செய்யாது. குற்றாலத்து சீசன்ல விக்குத ஸ்டார் ஃப்ரூட்ட கிட்னி கெட்டவங்க தொடவே கூடாது, விக்கல்ல ஆரம்பிச்சு ஃபிட்ஸ் வரைக்கும் போவும். சூடத்த பிள்ளைங்க வாயில போட்டாலும் அதே கததான், எட்டாத எடத்துல வைங்க. சஷ்டி விரதம்னு ஆறு நாள் வெறும் வயித்துல கெடக்குததும் அது கூட மாத்திரையத் தள்ளிப் போடுததும் எங்க ஊர்ல நெறைய பாக்குதோம், டாக்டர்ட்ட கேக்காம வேண்டாம். குடிய திடீர்னு விட்டவனுக்கும் ஓரிரு நாள்ல வரலாம்.

சரி, தாளப் பாத்தா உண்மையிலயே ஒரு சாப்பாடு திரும்பத் திரும்ப வருதுன்னு வைங்க. டாக்டர்ட்ட சொல்லிட்டு அத ஒண்ண மட்டும் நிறுத்துங்க. ரெண்டு வாரம் வரலன்னு கொண்டாடாதிய, ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் வாரவனுக்கு ரெண்டு வாரம் ஒரு கணக்கா? இதுக்கு முன்னாடி இருந்த பெரிய இடைவெளியப் போல மூணு மடங்காவது பாக்கணும். அப்புறம் திரும்பக் குடுத்துப் பாருங்க, ஆனா அதச் சாப்பிட்டு உதடு வீங்குனது, தடிச்சது, மூச்சு இழுத்தது உண்டுன்னா வீட்ல வச்சு அந்த வேல வேண்டாம். இன்னொன்னு, எரநூறு உணவுக்கு ஒரே ரத்த டெஸ்ட்டுன்னு எங்கள்ட்டயும் ஒரு லேப்ல காசு பிடுங்கினாவ. அந்த ஐஜிஜி டெஸ்ட்டு நீங்க அதச் சாப்பிட்டிருக்கியன்னுதான் காட்டும், ஆகாதுன்னு காட்டாது.

வலிப்பு வந்தா சாவி, இரும்பு ஒண்ணும் வேண்டாம், ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதிய, அஞ்சு நிமிஷத்தத் தாண்டினா 108.

ஆஸ்பத்திரிக்குப் போவும்போது மொத்தக் கம்பியையும் தூக்கிட்டுப் போவாதிய, அங்க கூட்டத்துல யாருக்கும் படிக்க நேரமிருக்காது. வந்த தேதி, மாத்திரை தப்பின தேதி, தூக்கம் கெட்ட தேதி மூணையும் ஒரே பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதிக் குடுங்க. தாளெல்லாம் பையில இருக்கட்டும், கேட்டா எடுத்துக் காட்டலாம்.