கிட்டாரில் வேகம் வரவில்லையா? கை எங்கே இறுகுகிறது என்று பாருங்கள்

கிருஷ்ணகிரியில் சாயங்காலம் என்னிடம் கிட்டார் கற்க வருபவர்களில் பலர் ஓசூரில் ஷிஃப்ட் முடித்துவிட்டு, சுமார் 50 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள். வாசிக்க அவர்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரல் பிடி) மாற்றுவது ஓரளவு கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “அண்ணா, வேகம் எப்ப வரும்?”

கேட்பவரின் கையைத்தான் முதலில் பார்ப்பேன். தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், பல்லைக் கடித்திருப்பார், மூச்சையும் பிடித்திருப்பார். இடது கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும். இந்தக் கையோடு ஆயிரம் முறை வாசித்தாலும் வேகம் வராது. விரலை அசைக்கும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில்தான் இருக்கின்றன. அவை எந்நேரமும் இறுகியே இருந்தால், ஒரு விரல் எழுந்து அடுத்தது இறங்குவதற்குள் நேரம் போய்விடுகிறது.

வேகமாக வாசித்து வாசித்தே வேகத்தைக் கொண்டுவரலாம் என்று நினைப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. தப்பும் தவறுமாக ஓட்டினால் கை அந்தத் தப்பையும் சேர்த்தே பழகிக்கொள்ளும். அப்புறம் அதை மறக்கடிக்க இரண்டு மடங்கு நேரம் செலவாகும். இதற்கு வழி நம் இசையிலேயே இருக்கிறது. கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில் பாடச் சொல்வார்கள். தாளத்தின் வேகம் மாறாது. தாளத்தின் ஒரு அட்சரத்துக்கு, அதாவது ஒரு தட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று ஸ்வரங்கள் மட்டும் கூடும். கிட்டாரிலும் அப்படியே செய்யுங்கள். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 60-ல், அதாவது நிமிடத்துக்கு 60 தட்டு என்று வையுங்கள். ஒரே ஸ்ட்ரிங்கில் நான்கு விரலையும் வரிசையாக வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம். அது சீராக வந்தால் இரண்டு. இரண்டிலிருந்து நான்குக்குத் தாவும்போதுதான் பலருக்கும் கை இறுகுகிறது. அதனால் நடுவில் மூன்றை, அதாவது திஸ்ரத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு தட்டுக்கு நான்கு என்றால் 60-லேயே நிமிடத்துக்கு 240 ஸ்வரம், அதுவே நல்ல வேகம். அதற்கு மேல் போக, மெட்ரோனோம் எண்ணை ஒவ்வொரு முறையும் 4 அல்லது 5 கூட்டினால் போதும். மூன்று முறை பிசகில்லாமல், தோள் ஏறாமல் வந்தால்தான் அடுத்த எண்.

அதிகமாக அழுத்துவது அடுத்த தவறு. ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி) ஒட்டி, அதன் பின்னால் விரலை வைத்தால் கொஞ்சம் அழுத்தினாலே சத்தம் தெளிவாக வரும். தள்ளி வைத்தால்தான் பலம் தேவைப்படும். ஒரு ஸ்வரத்தை லேசாகத் தொட்டு, ‘கிர்’ என்று இரைவதிலிருந்து மெல்ல அழுத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்று ஒலி தெளியும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், தேவையான பலம் அவ்வளவுதான். எத்தனையோ பேர் இதை முதல் முறை செய்துவிட்டு, இத்தனை நாள் இவ்வளவு கஷ்டப்பட்டேனா என்று கேட்டிருக்கிறார்கள். அப்படியும் கடினமாக இருந்தால் குற்றம் உங்கள் கையில் இல்லை. 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், தெரிந்தவரிடம் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

உட்காரும் விதத்தையும் கவனியுங்கள். கிட்டாரின் கழுத்து தரையைப் பார்த்துச் சாய்ந்தால் இடது மணிக்கட்டு மடங்கும். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழியில்தான் விரல்களின் தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. மடங்கிய கையோடு மணிக்கணக்கில் வாசித்தால் அவை உரசி வீங்கலாம். இடது காலுக்கடியில் ஒரு மணைப்பலகையைப் போட்டு, இடது தொடையில் கிட்டாரை வையுங்கள். கழுத்து தானாக உயரும்.

வலியில் இரண்டு வகை உண்டு. புதிதாகக் கற்பவருக்கு விரல் நுனி எரிவது இயல்பு, சில வாரத்தில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி, விரலில் மரமரப்பு என்றால் அன்றைக்கு கிட்டாரைக் கீழே வைத்துவிட வேண்டும். எனக்கும் ஒரு முறை இது வந்தது. பொருட்படுத்தாமல் வாசித்ததில் வாரக்கணக்கில் கிட்டாரையே தொட முடியாமல் போனது. நான்கைந்து நாள் ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

மார்கழியில் ஓசூர்ப் பக்கம் பைக்கில் வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விரல் விறைத்திருக்கும்போது நேராக வேகப் பயிற்சிக்குப் போகாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, ஐந்து நிமிடம் மெதுவாக வாசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட தினமும் 25 நிமிடம் வாசிப்பது கைக்கு நல்லது. முதல் ஐந்து நிமிடம் கை சூடாக, அடுத்த பத்து நிமிடம் மெட்ரோனோமோடு, நடுவில் ஒரு நிமிடம் கையை உதறிவிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கும் வெறும் ஸ்வர வரிசை வேண்டாம். பிடித்த பாட்டின் இடையிசையில் கை தடுக்கும் இரண்டு வரியை எடுத்துக்கொண்டால் சலிக்காது. எட்டிய எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். கடைசிப் பத்து நிமிடம் மெட்ரோனோமை அணைத்துவிட்டு, வீட்டில் யார் என்ன பாட்டு கேட்கிறார்களோ அதை வாசியுங்கள்.