விளம்பரத்திலிருந்து சேர்க்கை வரை: ஸோஹோவில் முதல் பிரச்சாரத்தை அமைக்கும் முறை

விளம்பரத்தை ஒரு மென்பொருளிலும், மின்னஞ்சலை இன்னொன்றிலும், விசாரித்தவர்களின் தொலைபேசி எண்களை எக்செல் தாளிலும் வைத்திருக்கும் சிறு நிறுவனத்தால், எந்த விளம்பரத்தைப் பார்த்தவர் கடைசியில் பணம் கட்டினார் என்பதைச் சொல்ல முடியாது. மதுரையில் டேலி, ஜிஎஸ்டி பயிற்சி அளிக்கும் ஒரு மையத்தை எடுத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 6,000 ரூபாய் செலவிட்டதில் 120 விசாரணைகளும், கூகுள் தேடல் விளம்பரத்துக்கு அதே தொகையைச் செலவிட்டதில் 30 விசாரணைகளும் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு விசாரணைக்கு முறையே 50 ரூபாயும் 200 ரூபாயும் ஆகிறது. ஆனால் முதல் வழியில் 4 பேரும் இரண்டாம் வழியில் 10 பேரும் சேர்ந்திருந்தால், ஒரு சேர்க்கைக்கு 1,500 ரூபாய், 600 ரூபாய் எனக் கணக்கு தலைகீழாகிவிடும். இந்த இரண்டாவது கணக்கைப் போட முடிவதுதான் ஒருங்கிணைந்த தளத்தின் முதன்மையான பயன் என்பது என் கருத்து.

இப்படியொரு தளத்தைத் தரும் ஸோஹோ நிறுவனம் தன் செயலிகளை 2017 முதல் ஸோஹோ ஒன் என்ற பெயரில் ஒரே சந்தாவில் வழங்குகிறது. தொடக்கத்தில் சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து வைப்பது), ஃபார்ம்ஸ் (இணையப் படிவங்கள்), கேம்பெய்ன்ஸ் (மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவது) ஆகிய மூன்று மட்டும் போதும். ஹப்ஸ்பாட், பிரேவோ போன்ற பிற தளங்களைப் பயன்படுத்துவோரும் ஏறத்தாழ இதே வரிசையைப் பின்பற்றலாம்.

படி 1: தொடர்புகளைத் தொகுத்தல்

எக்செல் பட்டியலை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து சிஆர்எம்மில் ஏற்றுங்கள். அதற்கு முன் தொலைபேசி எண்கள் அனைத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஓரிடத்தில் +91 சேர்த்தும் வேறோரிடத்தில் சேர்க்காமலும் இருந்தால், ஒரே மாணவர் இரண்டு பேராகப் பதிவாகக்கூடும். ஒவ்வொருவருக்கும் ‘வந்த வழி’, ‘நிலை’ என்ற இரு புலங்கள் கட்டாயம் தேவை. புதிய விசாரணை, பேசியாயிற்று, டெமோ வகுப்புக்கு வந்தார், சேர்ந்தார், வேண்டாம் என்றார் என ஐந்து நிலைகள் போதும். விலைக்கு வாங்கிய பட்டியலை மட்டும் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

படி 2: டொமைனைச் சரிபார்த்தல்

பெரும்பாலோர் தாண்டிச் செல்லும் படி இது. மின்னஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைக் கேம்பெய்ன்ஸ் செயலி தரும். அவற்றை உங்கள் டொமைனின் (இணைய முகவரியின்) அமைப்புகளில் உள்ள டிஎன்எஸ் பகுதியில் சேர்த்து, அந்தச் சோதனையில் தேறாத மின்னஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவையும் அமைத்துவிடுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு மின்னஞ்சல் அனுப்புவோர் அனைவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கட்டாயம். நாளொன்றுக்கு 5,000க்கும் மேல் அனுப்புவோருக்கு இம்மூன்றுமே கட்டாயம். ஸ்பேம் என்று புகாராகும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்றும் கூகுள் சொல்கிறது. 1,000 பேரில் மூன்று பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே எல்லையைத் தொட்டுவிடுவீர்கள்.

படி 3: இணைப்பும் படிவமும்

பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், விரும்பும் பயிற்சி ஆகிய நான்கை மட்டும் கேட்கும் படிவத்தை ஃபார்ம்ஸில் உருவாக்கி, சிஆர்எம்முடன் இணையுங்கள். மின்னஞ்சல் அனுப்பச் சம்மதம் கேட்கும் பெட்டியையும் வையுங்கள். அதை முன்கூட்டியே டிக் செய்து வைக்க வேண்டாம்.

பிறகு, ஒவ்வொரு விளம்பர இணைப்பின் முடிவிலும் மூலம், ஊடகம், பிரச்சாரப் பெயர் ஆகிய மூன்று யுடிஎம் குறிகளை (வந்தவர் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்டும் சொற்களை) சேர்த்து, அவற்றைப் பிடித்து சிஆர்எம்முக்கு அனுப்பும்படி படிவத்தை அமைக்க வேண்டும். ‘இன்ஸ்டாகிராம்’ என்பதை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் மற்றோரிடத்தில் சிறிய எழுத்திலும் தொடங்கினால், இணையதள வருகைகளைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் அவற்றை இரண்டு தனி மூலங்களாகவே எண்ணும். எனவே எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதுவதென்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். விளம்பரத்தை வெளியிடுவதற்கு முன் உங்கள் கைப்பேசியிலிருந்தே அந்த இணைப்பைத் திறந்து படிவத்தை நிரப்பி, ‘வந்த வழி’ சரியாகப் பதிவாகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

படி 4: தொடர் மின்னஞ்சல்கள்

படிவம் நிரப்பியவருக்கு உடனே ஒரு மின்னஞ்சல், இரண்டு நாள் கழித்து டெமோ வகுப்புக்கான அழைப்பு, ஒரு வாரத்துக்குப் பின் கட்டண விவரம் என மூன்று மட்டும் அமையுங்கள். ‘சேர்ந்தார்’ என்று நிலை மாறியதும் தொடர் நின்றுவிட வேண்டும். கட்டணம் கட்டியவருக்கே ‘இன்னும் சேரவில்லையா?’ என்று மின்னஞ்சல் போவதைவிட நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். மின்னஞ்சலில் உள்ள ஒரு சிறு படம் இறக்கப்படுவதை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பெறுநர் திறக்காதபோதும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் அந்த எண் வீங்கித் தெரியும். சொடுக்குகளையும் டெமோ வருகையையும் பாருங்கள். 400 பேர் கொண்ட பட்டியலை இரண்டாகப் பிரித்து இரு தலைப்புகளைச் சோதித்ததில் ஒன்றுக்கு 8, மற்றொன்றுக்கு 11 சொடுக்குகள் கிடைத்தால், அது தற்செயலாகவும் இருக்கலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 5: அறிக்கையும் அதற்குப் பின்னும்

மாத இறுதியில் சிஆர்எம் அறிக்கையில் ‘வந்த வழி’யை வரிசைகளாகவும் ‘நிலை’யைப் பத்திகளாகவும் அமைத்து, ஒவ்வொரு வழிக்கும் ஆன செலவைச் சேர்ந்தவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தொலைபேசியில் பேசும் ஊழியர் நிலையை அன்றன்றே மாற்றாவிட்டால் இந்த அறிக்கைக்குப் பொருளே இல்லை. ஓரிரு மாதங்கள் தரவு சேர்ந்த பிறகு சிஆர்எம்மை கூகுள் விளம்பரக் கணக்குடன் இணைத்து, சேர்க்கைகளை ‘கன்வெர்ஷன்’களாக, அதாவது விளம்பரத்தால் கிடைத்த பலன்களாக, அங்கே திருப்பி அனுப்பலாம். அதன்பின் விளம்பரத்துக்குக் கேட்கும் விலையைத் தானே முடிவு செய்யும் கூகுளின் தானியங்கி ஏல முறையை, படிவம் நிரப்புவோரை விட்டுவிட்டு, பணம் கட்டிச் சேர்வோரைப் போன்றவர்களைத் தேடும்படி அமைக்க முடியும்.